ஸ்லோ ஸ்பீடு

மாட்டுத்தாவணி பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களிடம் போய் 'ஐடிலிங் சரியில்லை' என்று சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஸ்லோ ஸ்பீடு நிக்கலையா?" என்று கேட்பார்கள். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் விட்டால் எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்குமே, அதற்கு எங்கள் ஊரில் பெயர் ஸ்லோ ஸ்பீடு. வண்டியை முறுக்கிக் காட்டுகிற வாடிக்கையாளர்களை அப்பாவுக்குப் பிடிக்காது. "ரேஸ் பண்ணாதீங்க சார். காலை எடுங்க. சும்மா நிக்கிறப்ப என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்பார்.

மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் கீழே பட்டறை, மேலே வீடு. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டிப்போடும் நீளக் கயிறு. மாட்டுச் சந்தையால் ஊருக்கு வந்த பெயர். எனக்கு விவரம் தெரிந்தபோது மாடுகளின் இடத்தில் பஸ்கள் நின்றன. ராத்திரி முழுக்க அணைக்காமல் உறுமும் பஸ்கள். திருச்சி, ராமநாதபுரம், நாகர்கோவில் என்று கத்தும் குரல்கள். விருந்தாளிகளுக்கு எங்கள் வீட்டில் தூக்கம் வராது. எங்களுக்கு வெளியூரில் தூக்கம் வராது. மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, வரும் பஸ் லேலண்டா டாட்டாவா என்று சத்தத்தை வைத்துச் சொல்லும் விளையாட்டில் அப்பாவை நானும் அண்ணனும் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அந்தக் காதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் ஒரு வால்விலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வாசலில் ஒரு தட்டு உண்டு. த்ராட்டில். நாம் மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். மூடிவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? கார்புரேட்டர் காலத்தில் ஒரு ஸ்க்ரூவைத் திருகித் தட்டை மயிரிழை திறந்து வைப்பார்கள். எம்பிஎஃப்ஐ வந்த பிறகு அந்த வேலை ஐடில் வால்வுக்கு வந்தது. மூடிய தட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சின்னப் பக்கவழி, அதில் கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குத் திறந்து மூடும் ஒரு கதவு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதிகம் திறக்கும். சூடேறினால் குறைக்கும். ஏசி போட்டால், ஹெட்லைட் போட்டால், அந்தச் சுமையைத் தாங்கக் கொஞ்சம் கூட்டும். வண்டி ஓடுகிறவரை யாருக்கும் இது நினைவில் இருக்காது. சிக்னலில் நிற்கும்போதுதான் தெரியும்.

நிலக்கோட்டையிலிருந்து விடிகாலையில் மல்லிகை ஏற்றிக்கொண்டு பூ மார்க்கெட்டுக்கு வரும் ஓர் ஆம்னி வேன் அப்படித்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது. நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். காலை எடுத்தால் அணைந்துவிடும். இரண்டு இடத்தில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டு அனுப்பியிருந்தார்கள். அப்பா வால்வைக் கழற்றப் போனால், அது உட்கார்ந்திருந்த மரை தேய்ந்து, அந்த முகமே விரிசல் விட்டிருந்தது. த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும். பூக்காரரிடம் அதற்குப் பணமில்லை. "ஸ்க்ரூவை ஏத்தியே குடுங்கண்ணே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார். அப்பா கேட்கவில்லை. வால்வை அங்கிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைப்பது என்று முடிவு செய்தார். லேத்காரரிடம் அலுமினியத்தில் ஒரு கட்டை கடைந்து அதில் வால்வை உட்கார வைத்தார். பழைய இடத்தை இரண்டு நிப்பிள் வைத்த ஒரு தகட்டால் மூடினார். ஒரு ஹோஸ் தட்டுக்கு முன்னாலிருந்து காற்றை எடுக்கும், இன்னொன்று தட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விடும். ரெண்டு நாள் வேலை. பூக்காரர் கொடுத்தது ஒரு நாள் கூலிகூட இல்லை. அதற்கு அம்மா ஒரு வாரம் பேசினாள். ஆனால் அந்த வேன் பிறகு பல வருஷம் எங்கள் தெரு வழியாகப் போனது. முனையில் திரும்பும்போது வேகம் குறைத்துக் காலை எடுப்பார். ஸ்லோ ஸ்பீடு நிற்கிறதா என்று அப்பா கேட்கட்டும் என்றே செய்தாரோ என்று எனக்குத் தோன்றும்.

அன்றைக்கு டார்ச் பிடித்தது அண்ணன்.

அவன் மெக்கானிக்கல் முடித்து, மெல்போர்ன் போய், டாண்டனாங்கில் வீடு எடுத்தான். 2021 மே மாதம் இரண்டாவது அலையில் அம்மா போனாள். ஆஸ்திரேலியாவில் குடியிருப்பவர்கள் நாட்டைவிட்டு வெளியேறவே அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் அது. போதாததற்கு அந்த மாதத் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து திரும்புகிறவர்களுக்கு அபராதம், சிறை என்றெல்லாம் அந்த அரசு அறிவித்திருந்தது. தத்தனேரி மின்மயானத்தை அவன் என் போனில் பார்த்தான். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா போனைப் பார்த்து, "பாத்துட்டேல்ல?" என்றார். அவ்வளவுதான். அது கேள்வியா, குற்றச்சாட்டா, விசாரிப்பா என்று அண்ணன் இன்றுவரை என்னிடம் கேட்கிறான். எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது என் மூலமாகத்தான். "அவன் சாப்டானான்னு கேளு." "அப்பா மாத்திரை போடுறாரான்னு கேளு." அடுத்த வருஷம் அப்பா பட்டறையை மூடினார். முழங்கால் வலி என்று காரணம் சொன்னார்.

போன வருஷம் அண்ணன் ஓடாத கார் ஒன்றை வாங்கினான். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, 1989ஆம் வருஷத்து வண்டி. உள்ளே இருப்பது பிஸ்டன் எஞ்சின் இல்லை, ரோட்டரி. ஃபெலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மானியர் யோசித்தது. ஹிரோஷிமாவில் மாஸ்டா கம்பெனி அதை விடாப்பிடியாக வளர்த்து 1967ல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் வைத்து விற்றது. வளர்க்கும்போது ரோட்டரின் முனைகள் அதிர்ந்து உள்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. அவற்றைச் சாத்தானின் நகக்கீறல் என்று அங்கே பெயர் வைத்து அழைத்தார்கள். அந்தக் கீறலைப் போக்கவே அவர்களுக்கு வருஷங்கள் பிடித்தன. 1991ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயித்தது நான்கு ரோட்டர் எஞ்சினில். நம் நாட்டிலும் நிஷாந்த் ஆளில்லா விமானத்துக்காக 55 குதிரைத்திறனில் ஒரு வான்கெல் எஞ்சின் செய்து 2009ல் கோலாரில் பறக்கவிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது. அவர் கேட்டது ஒன்றுதான்: "பிஸ்டன் இல்லாம எப்படித்தா அமுக்கும்?"

நடுவில் லேசாக ஒடுங்கிய நிலக்கடலை மாதிரி ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம். முக்கோணம் சுழன்றபடியே தள்ளித் தள்ளிச் சுற்றிவரும். மூன்று முனையும் எப்போதும் சுவரை உரசிக்கொண்டிருக்கும். அதனால் கூட்டுக்கும் முக்கோணத்துக்கும் நடுவே மூன்று அறைகள் விரிந்து சுருங்கும். ஒன்று இழுக்கும்போது இன்னொன்று எரியும், மற்றொன்று புகையைத் தள்ளும். நான் போனில் அனிமேஷன் காட்டினேன். அப்பா இரண்டு முறை பார்த்துவிட்டு, "அட, ஆட்டுக்கல்லு" என்றார். குழவி தானும் உருண்டு குழியையும் சுற்றிவருமே, அதைச் சொன்னார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

அண்ணனின் பிரச்சினை இது. பழைய இன்டேக் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு வேறொன்று போட்டான். கம்ப்யூட்டரும் வெளிச்சந்தையில் வாங்கியது. புதிய மேனிஃபோல்டில் ஐடில் வால்வு உட்கார இடமே இல்லை. இப்படி மாற்றுகிற பலர் வால்வையே தூக்கிப் போட்டுவிடுவார்களாம். தட்டைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஓடிவிடும். பூக்காரர் கேட்ட அதே வைத்தியம். ஆனால் ரோட்டரியில் ஒரு வினை உண்டு. குளிரில் ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்துபோனால், உள்ளே தெளித்த பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். முனை சீல்கள் இறுக்கம் பிடிக்காது. அப்புறம் சாவியை எவ்வளவு திருப்பினாலும் எழும்பாது. மெல்போர்னில் ஜூலை குளிர்காலம். அவனுக்கு வால்வு வேண்டும், வைக்க இடமில்லை.

"ஆம்னிக்கு அப்பா செஞ்சாரே, அது எப்படின்னு கேளு" என்றான்.

கேட்டேன். அப்பா கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் வெறும் எழுத்தர். காற்றை ஃபில்டருக்கு அப்புறம், தட்டுக்கு முன்னால் எடுக்கணும். வெளிக்காற்றை எடுத்தால் தூசி போகும். காற்றை அளக்கிற மீட்டர் இருக்கிற வண்டியானால் மீட்டருக்கு அப்புறம்தான், இல்லாவிட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப்போகிற ரகமாக இருக்கக் கூடாது. வால்வின் ஓட்டை எவ்வளவோ அதற்குக் குறையாத துளை. சைலன்சர் பக்கம் வைக்காதே. எஞ்சினோடு சேர்த்து முறுக்காதே, பாடியில் ரப்பர் கொடுத்து மாட்டு. எண்ணெய் தேங்குகிற மாதிரி குப்புற வைக்காதே. பழைய வால்வு வழியாகத் தண்ணி ஓடியிருந்தால் அந்த ரெண்டு லைனையும் சேர்த்துவிடு, அடைத்துவிட்டு மறந்துபோகாதே. கடைசியாக: "ஹோஸ் கட்டை. அரை முழத்துக்கு மேல ஆகாது."

நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அரை முழத்தை மட்டும் அண்ணன் கேட்கவில்லை. இடம் சவுகரியம் என்று வால்வை டேஷ்போர்டுக்கு முன்னாலிருக்கும் சுவரில் மாட்டி, ஒரு மீட்டர் ஹோஸ் இழுத்திருந்தான்.

ஸ்டார்ட் செய்த அன்று வீடியோ கால் போட்டான். எஞ்சின் சத்தம் கேட்டது, மறைந்தது, கேட்டது, மறைந்தது. அப்பா, "ஹண்டிங் பயங்கரமா இருக்கு. நின்னு நின்னு வருது" என்றார். அண்ணன் அந்தப் பக்கம், "ஆடுதுதான், ஆனா நிக்கவே இல்லையே" என்கிறான். இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள். கோபம் மட்டும் நேராகப் போனது. "பொய் சொல்றான்." "அவருக்கு என்ன தெரியும் இங்க." நான் மென்பொருள் வேலை பார்க்கிறவள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன் பேசும்போது பின்னணி இரைச்சலை வடிகட்டும் நிரல் ஒன்று உள்ளே ஓடும். பேச்சு ஏறி இறங்கும். மின்விசிறி, ஏசி மாதிரி சீராக வருவதை அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். எஞ்சின் சரியாக ஓடிய நொடிகளை எல்லாம் போன் அழித்திருக்கிறது. தடுமாறிய இடங்கள் மட்டும்தான் மதுரைக்கு வந்து சேர்ந்தன.

"கால் வேணாம்ணே. கேமராவுல வீடியோவா எடுத்து ஃபைலா அனுப்பு" என்றேன்.

ஃபைல் வந்தது. அதிலும் ஹண்டிங் இருந்தது, ஆனால் வேறு மாதிரி. 900க்கும் 1600க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா என் ஆபீஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலு தடவை கேட்டார். "ஹோஸ் நீளம். வால்வு இங்க தொறந்தா, காத்து அங்க சேர்றதுக்குள்ள கம்ப்யூட்டர் அவசரப்பட்டு மறுபடி தொறக்குது. வந்து சேர்ந்ததும் அய்யோன்னு மூடுது" என்றார். அண்ணன் ஹோஸை வெட்டி வால்வைப் பக்கத்தில் கொண்டுவந்தான். ஆட்டம் பாதி குறைந்தது. முழுதாகப் போகவில்லை. சூடான எஞ்சினில் ஓரளவு நின்றது, விடிகாலையில்தான் பேயாட்டம்.

அங்கே குளிர்ந்த எஞ்சின் வேண்டுமென்றால் காலை ஏழு மணி. இங்கே ராத்திரி இரண்டரை. அப்பா அலாரம் வைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. பூ வண்டிகள் வரத் தொடங்கும் நேரம். நான் டீ போட்டேன். மூன்றாவது ராத்திரி வந்த ஃபைலை அவர் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி, "ஏர் லீக் கெடையாது. சுத்தமா இருக்கு. கம்ப்யூட்டர்லதான் கோளாறு. செட்டிங்கப் பாக்கச் சொல்லு" என்றார்.

நான் ஹெட்போனை வாங்கி மாட்டினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே, மெலிதாக, பல்லிடுக்கில் காற்றை இழுப்பது மாதிரி ஒரு 'ஸ்ஸ்ஸ்'. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அது இருந்தது. மறுபடி கேட்டேன். இருந்தது.

"அப்பா, ஒரு சீறல் கேக்குதுப்பா."

"எங்கிட்டு?"

"பூரா கேக்குது. மெல்லிசா."

அவர் மறுபடி மாட்டினார். சத்தத்தைக் கூட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பஸ் வருவதற்கு முன்னாலேயே பெயர் சொன்ன மனுஷன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கேக்கலத்தா" என்றார்.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "ஃபைல் கம்ப்ரஸ் ஆகியிருக்கும்பா" என்று ஏதோ உளறினேன்.

"ஒனக்குக் கேக்குதுல்ல? அப்ப இருக்கு." போனை என்னிடமிருந்து வாங்கினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, தானே பொத்தானை அழுத்தி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "டேய். காதால தேடாத. கார்ப் கிளீனர் ஸ்ப்ரேய எடு. சைலன்சர் சூடேறுறதுக்குள்ள ஒவ்வொரு ஜாயின்ட்டுலயும் சொட்டு அடி. எங்க அடிக்கிறப்ப சத்தம் மாறுதோ, அங்க இழுக்குது. பைய பண்ணு. நெருப்புப் பத்திரம்."

மேனிஃபோல்டில் ஹோஸுக்காக மரை வெட்டிப் புதிதாகப் போட்ட நிப்பிளில் இருந்தது ஓட்டை. கண்ணுக்கு இறுகித்தான் தெரிந்ததாம். அது வழியாகப் போன காற்று யார் கணக்கிலும் இல்லை. வால்வை மூடியும் வேகம் குறையவில்லை. காலை எடுத்த பிறகும் இவ்வளவு வேகமா, வண்டி இறக்கத்தில் ஓடுகிறதுபோல என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும், வேகம் விழும், பதறி மறுபடி கொடுக்கும், ஏறும். குளிர்ந்த எஞ்சினுக்கு வேகம் அதிகம் வைத்திருப்பதால் காலையில் இந்த ஆட்டம் மோசம். நிப்பிளைக் கழற்றிச் சீலன்ட் போட்டு மறுபடி முடுக்க அண்ணனுக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. காயத்தான் ஒரு நாள் விட்டான்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போது விரலைத் தூக்க வேண்டும். ஆரம்பத்தில் டக் டக்கென்று தூக்கினார். பிறகு கை வெகுநேரம் தொடையிலேயே கிடந்தது. நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை செய்கிறவர்கள் காதில் முதலில் போவது அந்த இடம்தானாம். தடித்த சத்தமெல்லாம் கேட்கும். சீறல், குக்கர் விசில், சில்வண்டு, பேச்சில் ச, ஸ இதெல்லாம் தேயும். "எத்தனை வருஷமா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். பட்டறையை மூடுவதற்கு முந்தின வருஷம் ஒரு வண்டியில் ஏர் லீக்கைத் தவறவிட்டதாகவும், அந்த வண்டி மூன்று தடவை திரும்பி வந்ததாகவும் அப்பா டாக்டரிடம் சொன்னார். எங்களிடம் முழங்கால் என்றுதான் சொல்லியிருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காது மெஷின் வாங்குவது பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி இரண்டரைக்கு ஃபைல் வந்தது. அண்ணனின் மூச்சுப் புகை கேமரா முன்னால் தெரிந்தது. சாவி திரும்பியது. 1500க்கு ஏறியது, சூடேறச் சூடேறப் படிப்படியாக இறங்கியது, நின்றது. அப்பா ஹெட்போனை வாங்கவில்லை. பட்டறையில் நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கேட்பாரே, அதேபோலப் போனைத் திருப்பி ஸ்பீக்கரைக் காதின் பின்புறம் வைத்து அழுத்திக்கொண்டார். முழு வீடியோவும் ஓடி முடிந்தது. மறுபடி போடச் சொன்னார். அது முடிவதற்குள் அண்ணனின் கால் வந்துவிட்டது. நான் எடுக்கப் போனேன். அவரே எடுத்தார்.

"எவ்வளவுல நிக்குது?"

"எண்ணூத்தம்பதுப்பா."

"ஹெட்லைட்டப் போடு."

அந்தப் பக்கம் ஏதோ சொடுக்கும் சத்தம். "போட்டாச்சு. எறங்கல."

"ஃபேன்?"

"அதுவும் ஓடுது."

"ஏசியப் போடு."

"அப்பா, இங்க அஞ்சு டிகிரிப்பா. ஒறஞ்சு போயிருவேன்."

"போடுடா" என்றார் அப்பா.